வீட்டுக் கணனி ஏன் களைத்துப் போகிறது?

"கணனியைப் போட்டுவிட்டுப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது!"

இன்று பல வீடுகளில் கேட்கும் முறைப்பாடு இது. "பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும்" என்ற பேச்சும் உடனே வந்துவிடும். பிள்ளைகளின் படிப்புக்காக மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. இன்னொன்று வாங்குவது எல்லோருக்கும் இயலுமான காரியமல்ல.

அன்பு வாசகர்களே! கடைக்குச் செல்லுமுன் ஒரு விடயத்தைச் சிந்தித்துப் பாருங்கள். உங்கள் கணனி நீங்கள் கொடுத்த வேலையை மட்டுந்தான் செய்கிறதா? நீங்கள் கொடுக்காத வேலைகளையும் சுமந்துகொண்டிருக்கிறதா?

திரைக்குப் பின்னால் நடப்பது

கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் பந்தலையும் விருந்தையும் பார்க்கிறார்கள். பின்புறத்தில் சமைப்பவர்களையும் கழுவுபவர்களையும் யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் இல்லாமல் கல்யாணம் நடக்காது. ஆனால் வேலையில்லாத பத்துப் பேர் அங்கே கூடி நின்றால் வேலை செய்பவர்களுக்கும் இடைஞ்சல்தான்.

கணனியிலும் இதே நிலைதான். விண்டோஸில் பின்னணியில் இயங்குபவற்றை இரண்டு வகையாகப் பார்க்கலாம். முதலாவது, கணனியைத் திறந்தவுடன் தாமாகத் தொடங்கும் மென்பொருள்கள். இரண்டாவது, 'சேர்விசஸ்' எனப்படும் சேவைகள். இவை திரையில் எதையும் காட்டாமல் இயங்குபவை. வலையமைப்புடன் இணைப்பது, ஒலியைத் தருவது, அச்சிடும் வேலைகளை வரிசைப்படுத்துவது எல்லாம் இவற்றின் பணிகள். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி.யில் இருந்த இந்த ஏற்பாடு, 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. மூலம் சாதாரண வீட்டுக் கணனிகளுக்கும் வந்து சேர்ந்தது.

முதலில் பாருங்கள், பிறகு கை வையுங்கள்

கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். 'டாஸ்க் மனேஜர்' திறக்கும். இயங்கிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலும், ஒவ்வொன்றும் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்திருக்கிறது என்ற விபரமும் அதில் இருக்கும். 'மெமறி' என்ற தலைப்பின் மீது சொடுக்கினால் அதிகமாகப் பிடித்திருப்பது மேலே வந்து நிற்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். நினைவகத்தில் பாதி நிரம்பியிருக்கிறதே என்று பதற்றப்படத் தேவையில்லை. சும்மா கிடக்கும் இடத்தை விண்டோஸ் நல்ல வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும். நினைவகம் முழுதும் நிரம்பி, 'டிஸ்க்' என்ற இடத்தில் நூறு வீதம் என நீண்ட நேரம் நின்றால்தான் கவனிக்க வேண்டும்.

தாமாகத் தொடங்குபவை

அதே டாஸ்க் மனேஜரில் 'ஸ்டார்ட்டப்' என்றொரு பகுதி உண்டு. உரையாடல் செயலிகள், பாட்டுக் கேட்கும் செயலிகள், பிள்ளைகளின் விளையாட்டுகள், எப்போதோ வாங்கிய பிரின்டரோடு வந்த துணை மென்பொருள்கள் என்று பலவும் அங்கே வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். தேவையற்றதைத் தெரிவுசெய்து 'டிஸேபிள்' கொடுங்கள். இதனால் அந்த மென்பொருள் அழிந்துவிடாது. தானாகத் தொடங்குவது மட்டுமே நிற்கும். வேண்டியபோது நீங்களே திறந்துகொள்ளலாம். வைரஸ் பாதுகாப்பு, ஒலி, மடிக்கணனியின் தொடுபலகை ஆகியவற்றுக்குரியவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

இணைய உலாவியையும் கவனியுங்கள். குரோம், எட்ஜ் ஆகியவற்றில், மூடிய பின்னரும் பின்னணியில் இயங்க அனுமதிக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதனை நிறுத்திவிடலாம். திறந்து மறந்துபோன பக்கங்களையும் மூடிவிடுங்கள். பெரும்பாலான வீட்டுக் கணனிகளுக்கு இவ்வளவுமே நல்ல ஆறுதலைத் தந்துவிடும்.

நான் செய்த தவறு

இத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இந்தச் சேவைகளையெல்லாம் நிறுத்தினால் கணனி பறக்கும்" என்ற பட்டியலொன்று கிடைத்தது. விளங்காமலே ஒரே மூச்சில் இருபதுக்கு மேற்பட்டவற்றை நிறுத்திவிட்டேன். அன்றிரவு உயர்தரம் படிக்கும் மகள் தனது ஒப்படையை அனுப்ப அமர்ந்தாள்.

"வாப்பா, வைஃபை வேலை செய்யுதில்ல."

கம்பியில்லா இணைப்பைக் கவனிக்கும் சேவையையும் சேர்த்தே நான் நிறுத்தியிருந்தேன். எவற்றை நிறுத்தினேன் என்று எழுதியும் வைக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்து முடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது. ஒப்படை ஒரு நாள் பிந்தியது. மகள் எதுவும் சொல்லவில்லை. ஏசியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

பிறகுதான் விடயம் விளங்கியது. வேலையில்லாமல் காத்திருக்கும் சேவை பொதுவாக மிகச் சிறிய இடத்தையே பிடிக்கிறது. நான் கெடுத்துக்கொண்டது பெரிது. மிச்சம் பிடித்ததோ சொற்பம்.

சேவைகளில் கை வைப்பதென்றால்

ஸ்டார்ட் மெனுவைத் திறந்து, 'சேர்விசஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தால் முழுப் பட்டியலும் வரும். ஒவ்வொன்றின் பெயரையும் இருமுறை சொடுக்கினால் அது செய்யும் வேலை பற்றிய விளக்கமும், தொடங்கும் முறையும் தெரியும். 'ஒட்டோமெட்டிக்' என்றால் கணனியோடு சேர்ந்து தொடங்கும். 'மெனுவல்' என்றால் தேவைப்படும்போது தொடங்கும். 'டிஸேபிள்ட்' என்றால் தேவைப்பட்டாலும் தொடங்காது. ஆகவே, சந்தேகமான இடத்தில் 'மெனுவல்' என்பதே பாதுகாப்பானது.

ஃபேக்ஸ் பாவிக்காத வீட்டில் 'ஃபேக்ஸ்' சேவை தேவையில்லை. பிரின்டர் இல்லாவிட்டால் 'பிரின்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தலாம். 2021இல் இதே சேவையில் பாரதூரமான பாதுகாப்புக் குறைபாடொன்று வெளிப்பட்டது. ஆனால் ஆவணங்களை 'பி.டி.எஃப்.' ஆக அச்சிடும் வசதிக்கும் இது வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். 'சிஸ்மெயின்' என்பது நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிவைக்கும் சேவை. பழைய ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் இதனை ஒரு நாள் நிறுத்திப் பார்க்கலாம். பயனில்லையெனில் திரும்பவும் இயக்கிவிடுங்கள்.

விண்டோஸுக்குரியதல்லாத சேவைகளை மட்டும் பார்க்க ஒரு வழி உண்டு. 'சிஸ்டம் கொன்ஃபிகரேஷன்' என்பதைத் திறந்து, மைக்ரோசொஃப்ட் சேவைகளை மறைக்கும் கட்டத்தில் அடையாளமிடுங்கள். எஞ்சுபவை வெளியிலிருந்து வந்தவை. நீங்கள் கைவிட்ட மென்பொருளின் மிச்சசொச்சங்கள் அங்கேதான் அகப்படும். அத்தகைய மென்பொருளை முறையாக நீக்கிவிடுவதே மேல்.

எதைச் செய்தாலும் மூன்று விடயங்களைக் கடைப்பிடியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு சேவையை மட்டும் மாற்றுங்கள். முன்பு எப்படி இருந்தது என்பதைக் கொப்பியொன்றில் குறித்துக்கொள்ளுங்கள். கணனியை மீளத் தொடக்கி, இணையம், ஒலி, அச்சு மூன்றும் சரிதானா என்று பாருங்கள்.

தொடக் கூடாதவை

'விண்டோஸ் அப்டேட்' சேவையையும் வைரஸ் பாதுகாப்பையும் வேகத்துக்காக ஒருபோதும் நிறுத்தாதீர்கள். 2017 மே மாதத்தில் 'வொன்னாக்ரை' என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கணனிகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகளில் நோயாளர்களின் சிகிச்சைகள்கூடப் பிற்போடப்பட்டன. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதனைப் போட்டிருந்த கணனிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது என்பதையும் அதனைப் பாவிப்போர் கவனத்திற்கொள்ள வேண்டும்.

"ஒரே சொடுக்கில் வேகம்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களிடமும் அவதானமாக இருங்கள். அவற்றில் பல, தாமும் பின்னணியில் போய் உட்கார்ந்துகொள்பவை.

இத்தனையும் செய்தும் கணனி ஊர்ந்தால், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்த முடியுமா என்று நம்பிக்கையான திருத்துநர் ஒருவரிடம் கேளுங்கள். புதிய கணனியின் விலையோடு பார்த்தால் அது சிறிய செலவு. பலன் உடனே தெரியும்.

இவ்வார விடுமுறையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி, ஸ்டார்ட்டப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். கொப்பியையும் பேனையையும் மறந்துவிடாதீர்கள்!