வண்டியின் கோளாறு எண்ணை வீட்டிலேயே படிக்கலாம்

சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வேனில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தால், என்ன ஏது என்று தெரியாமலே பட்டறைக்குப் போய்ப் பணம் செலவழிப்பவர்கள் பலர். வண்டியின் கம்ப்யூட்டர் அந்தக் கோளாறை ஓர் எண்ணாகக் குறித்து வைத்திருக்கிறது. அதைப் படிக்கும் கருவியைச் சால்டரிங் வேலை அறிந்த இளைஞர் வீட்டிலேயே செய்து விடலாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வெளியான கார், சிறு வேன்களில் ஸ்டியரிங்கின் கீழ்ப்புறம் 16 துளைகள் கொண்ட சாக்கெட் உண்டு. அதற்கு முந்திய பல வண்டிகளிலும் இருக்கும். பழைய டிராக்டர்களில் இதைத் தேட வேண்டாம்.

தேவையானவை: ஈ.எஸ்.பி. 32 பலகை, 3.3 வோல்ட் கேன் டிரான்ஸீவர், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பலகை, 1 ஆம்பியர் ஃப்யூஸ். சாக்கெட்டின் 16-ஆம் துளை பேட்டரி மின்சாரம். அதில் ஃப்யூஸ் அவசியம். 4, 5 எர்த். 6, 14 இரண்டும் செய்திக் கம்பிகள்.

டிரான்ஸீவர் பலகையில் பெரும்பாலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். அதை எடுத்து விட வேண்டும். வண்டியின் கம்பித் தொடரிலேயே இரு முனைகளிலும் அத்தகைய ரெசிஸ்டர்கள் இருப்பதால், மூன்றாவது சேர்ந்தால் செய்தி குழம்பும். பலரும் தடுமாறுவது இங்கேதான்.

சாவியை ஆன் செய்து, 7டிஎஃப் என்ற முகவரிக்கு 01 03 என்று அனுப்ப வேண்டும். வேகம் பெரும்பாலும் 500 கிலோபிட். 7இ8-இலிருந்து 04 43 01 01 71 என்று பதில் வருவதாகக் கொள்வோம். 43 பதிலுக்கான அடையாளம். அடுத்த 01, கோளாறு ஒன்றே என்கிறது. எஞ்சிய 01 71-தான் பி0171. பெட்ரோலுக்குக் காற்று மிகுந்து விட்டது என்பது இதன் பொருள்.

இதைக் கண்டதும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி விடுவது வீண் செலவு. எலி கடித்த காற்றுக்குழாயும், அடைத்த பெட்ரோல் ஃபில்டரும்கூட இதே எண்ணைத் தரும். முதலில் அவற்றைப் பார்ப்பது நல்லது.

04 என்ற கட்டளை எண்களை அழித்து விடும். கோளாறு நேர்ந்தபோது பதிவான வெப்பம், வேகம் முதலிய விவரங்களும் கூடவே போய்விடும். எழுதிக் கொள்ளாமல் அழிக்கக் கூடாது. சிவப்பு நிற ஆயில் விளக்கு எரிந்தால் கருவியைத் தேடாமல் என்ஜினை உடனே நிறுத்த வேண்டும்.

சாவியை எடுத்த பின்னும் 16-ஆம் துளையில் மின்சாரம் இருக்கும். ஆதலால் வேலை முடிந்ததும் கருவியைக் கழற்றி விட வேண்டும். நாட்கணக்கில் விட்டால் பேட்டரி இறங்கி விடும்.