கடலடியிலிருந்து ஓர் ஆரஞ்சு அடையாளம்

தியோமான் தீவுக்கோ பெர்ஹெந்தியான் தீவுக்கோ படகில் போயிருக்கிறீர்களா? அடுத்த முறை போகும்போது, தூரத்தில் மிதந்து வரும் தேங்காய் ஒன்றைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு கணம் தெரியும். அடுத்த அலை எழுந்ததும் காணாமல் போய்விடும். முக்குளித்துவிட்டு நீர்ப்பரப்புக்கு வரும் ஒருவரின் தலையும் படகோட்டியின் கண்ணுக்கு அந்தத் தேங்காயைப் போலத்தான் தெரியும்.

2022 ஏப்ரலில் ஜொகூர், மெர்சிங் கடற்பகுதியில் முக்குளித்த நால்வர் மேலே வந்தபோது தங்களை இறக்கிவிட்ட படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. படகுகளும் விமானங்களும் தேடின. மூவர் அடுத்த சில நாள்களில் உயிருடன் மீட்கப்பட்டனர். உங்கள் வயதை ஒத்த ஒரு சிறுவன் உயிரோடு திரும்பவில்லை. பரந்த கடலில் மனிதரைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தத் துயரம் நமக்கு உணர்த்தியது.

முக்குளிப்பாளர்கள் தங்கள் இருப்பிடத்தைக் காட்டப் பயன்படுத்தும் எளிய கருவிதான் ‘எஸ்எம்பி’ எனப்படும் அடையாள மிதவை. அதை நீருக்கடியிலிருந்து மேலே அனுப்பும் முறையில் நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏன் தலை தெரிவதில்லை?

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு கோணம் வரை நுணுக்கமாகப் பிரித்தறியும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அந்தக் கோணத்தின் அகலம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். நம் தலையோ அதைவிடச் சிறியது. போதாக்குறைக்கு, அரை மீட்டர் அலை வந்தாலே தலை முழுதாக மறைந்துவிடும்.

நீரோட்டமும் சும்மா இருப்பதில்லை. மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் என்பது நாம் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆயினும் பத்தே நிமிடத்தில் அது ஒருவரை 300 மீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அடையாள மிதவை என்பது ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள, குழாய் வடிவிலான துணிப்பை. காற்று நிரம்பியதும் நீருக்கு மேலே கம்பம்போல் எழுந்து நிற்கும். நீலக் கடலில் பளிச்சென்று தெரியும் என்பதால் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதன் அடியில் கட்டிய நீண்ட கயிறு, முக்குளிப்பாளர் கையில் உள்ள ஸ்பூலில் சுற்றப்பட்டிருக்கும். பட்டம் விடுவோர் நூல் சுற்றிவைக்கும் கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கடலடியில் நின்று பட்டம் விடுவது போன்றதுதான் இந்த வேலை.

மேலே வந்த பிறகு மிதவையை ஊதினால் போதாதா? போதாது. நீருக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இது காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். அதனால் ஒலி இரு காதுகளையும் ஏறத்தாழ ஒரே கணத்தில் எட்டுகிறது. படகு இரைச்சல் கேட்கும். எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மட்டும் தெரியாது. சிங்கப்பூரின் புலாவ் ஹந்து போன்று படகுகள் நடமாடும் இடங்களில், தலைக்கு முன்னால் மிதவை மேலே போவதே நல்லது.

எவ்வளவு காற்று வேண்டும்?

இங்கேதான் பாயில் விதி வருகிறது. வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் குறைந்தால் வாயுவின் கன அளவு அதே விகிதத்தில் கூடும். கடல் மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய 1 வளிமண்டலம் சேர்ந்துகொண்டே போகும்.

10 சென்டிமீட்டர் விட்டமும் ஒன்றரை மீட்டர் நீளமும் கொண்ட மிதவையில் சுமார் 12 லிட்டர் காற்று பிடிக்கும். அதை 20 மீட்டர் ஆழத்திலிருந்து அனுப்பினால் அங்கே அழுத்தம் 3 வளிமண்டலம். எனவே 4 லிட்டர் போதும். 10 மீட்டரிலிருந்து என்றால் 6 லிட்டர். 5 மீட்டரிலிருந்து என்றால் 8 லிட்டர். மேலே போகப் போகக் காற்று தானாகவே விரிந்து பையை நிரப்பிவிடும். மிஞ்சும் காற்று வெளியேற வால்வோ, திறந்த அடிவாயோ இருக்கும்.

ஆழ்ந்த ஒரு மூச்சில் நாம் வெளிவிடும் காற்று சுமார் 3 முதல் 4 லிட்டர். ஆகவே 20 மீட்டர் ஆழத்தில், ஒரே மூச்சை ஊதினாலே மிதவை ஏறக்குறைய நிரம்பிவிடும்!

எப்படி அனுப்புகிறார்கள்?

முதலில், உடன் வரும் முக்குளிப்புத் துணைவருக்குச் சைகை காட்டுகிறார்கள். தலைக்கு மேலே படகோ ஆளோ இல்லை என்று பார்த்துக்கொள்கிறார்கள். பிறகு மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் ஒரே ஆழத்தில் நிலையாக நிற்கிறார்கள். இது கைவராதவர் மிதவையைத் தொடவே கூடாது.

அடுத்து, பையை விரித்து, கயிறு உடலிலோ கருவிகளிலோ சிக்கவில்லை என்று உறுதி செய்கிறார்கள். ஸ்பூலை உடலிலிருந்து தள்ளி, கை நீட்டிய நிலையில் பிடிக்கிறார்கள். முதலில் சிறிதளவு காற்று ஊதியதும் பை நிமிர்ந்து நிற்கும். மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு, மீதிக் காற்றை ஊதிப் பையை விட்டுவிடுகிறார்கள். ஸ்பூல் விரலில் சுழல, கயிறு விறுவிறுவென்று மேலே ஓடும்.

கயிறு நின்றதும் அதை மெல்லக் கீழே இழுத்துப் பிடிக்கிறார்கள். அப்போதுதான் மிதவை மேலே படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்கும். பின்னர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, அதன் பிறகே வெளியே வருகிறார்கள்.

ஆபத்து எங்கே?

ஒரு லிட்டர் காற்று ஒரு லிட்டர் நீரை விலக்குகிறது. அதனால் கிடைக்கும் மேல்நோக்கு விசை, சுமார் ஒரு கிலோகிராம் எடையைத் தூக்கப் போதுமானது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இதுதான். 6 லிட்டர் காற்றுள்ள மிதவை ஏறக்குறைய 6 கிலோ எடையைத் தூக்கும். மேலே போகும்போது காற்று விரிவதால் இழுவிசை இன்னும் கூடும்.

இப்போது கயிறு பாதியில் சிக்கிக்கொண்டால் என்னவாகும்? மிதவை கயிற்றோடு சேர்த்து முக்குளிப்பாளரையும் மேலே இழுக்கும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தால், 10 மீட்டரிலிருந்து மேற்பரப்பை அடைவதற்குள் நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழிந்துபோகலாம். இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருந்த நைட்ரஜன், சட்டென்று திறந்த சோடா போத்தலைப் போல் குமிழியிடலாம். மூட்டு வலி முதல் பக்கவாதம் வரை அதன் விளைவுகள் கடுமையானவை.

ஆகவே பயிற்றுநர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விதி இது: கயிறு சிக்கினால் ஸ்பூலை உடனே விட்டுவிடு. அதை உடலோடு கொக்கி போட்டு மாட்டாதே. கயிற்றைக் கையில் சுற்றாதே. மிதவையும் ஸ்பூலும் தொலைந்தால் வேறு வாங்கலாம். அதனால்தான் குழுவில் ஒருவரிடம் மட்டுமன்றி, மற்றவரிடமும் ஒரு மிதவை இருப்பது நல்லது.

நீரில் குதிக்கும் முன் படகோட்டியிடம் பேசிக்கொள்வதும் முக்கியம். சில இடங்களில் ஆரஞ்சு மிதவை ‘இங்கே இருக்கிறோம்’ என்றும், மஞ்சள் மிதவை ‘உதவி தேவை’ என்றும் பொருள்படும். எல்லா இடத்திலும் இந்த வழக்கம் ஒன்றல்ல. அடையாளம் காட்டுபவரும் அதைப் பார்ப்பவரும் ஒரே பொருளைப் புரிந்துகொண்டால்தான் அது அடையாளம்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் போத்தலைக் காலியாக மூடி, வாளி நீருக்குள் முழுதாக அமுக்குங்கள். உங்கள் கையை எதிர்த்துத் தள்ளும் விசை, ஒன்றரைக் கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். ஒரு சிறிய போத்தலே இப்படித் தள்ளினால், 12 லிட்டர் மிதவை எப்படி இழுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மிதவையை நீங்களே அனுப்பிப் பார்க்கும் ஆசை வந்தால், தகுதிபெற்ற பயிற்றுநருடன் நீச்சல் குளத்தில் தொடங்குங்கள். பலமுறை பழகிய பிறகே கடல். அங்கே முதலில் பழக வேண்டியது, சிக்கிய கயிற்றைத் தயங்காமல் கைவிடுவதுதான்.