நோயாளிக்குத் துணை உண்டு, துணைக்கு யார்?



காஞ்சி நகரை ஒட்டி, வேகவதி ஆற்றங்கரையில் அமைந்துள்ள திருப்பருத்திக்குன்றத்தைச் சமணக் கோயிலுக்காக அறிந்திருப்பீர்கள். பட்டுத்தறி வட்டாரம் அது. அங்கு நெய்யப்படும் கோர்வைப் புடவையைத் தனியொருவர் நெய்ய இயலாது. உடலின் நிறம் வேறு, கரையின் நிறம் வேறு. ஆகவே மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்பவருக்கு அருகே அமர்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் மனைவியே அந்த இன்னொருவர்.

அத்தகைய வீடொன்றை எண்ணிப் பாருங்கள். எழுபதைக் கடந்த மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்து வீடு திரும்புகிறார். நலம் விசாரிக்க வருவோர் பழமும் ரொட்டியும் கொடுத்து, "பொறுமையாகப் பார்த்துக்கொள்ளம்மா" என்று மருமகளிடம் கூறிச் செல்கின்றனர். அன்று முதல் தறியில் ஓர் ஆள் குறைவு. தறி நின்றால் கூலி நிற்கும். மருந்துச் செலவு நிற்காது.

பகல் ஒருவாறு கழிந்துவிடும். இரவுதான் சோதனை. அறுவைக்குப் பின் முதியோர் சிலருக்கு மனக்குழப்பம் உண்டாகும். பெற்ற மகனையே யாரென்று கேட்பார்கள், கட்டைப் பிடுங்குவார்கள், சோறு போட்ட கையையே திருட்டுக் கையென்பார்கள். ஜின் பிடித்துவிட்டதென்று தாயத்துக்கு அலைவோரும் நம்மிடையே உண்டு. இது மருத்துவர் அறிந்த நிலை. உடனே அவரிடம் சொல்ல வேண்டும். கிருமித் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சில மருந்துகள் ஆகியவை காரணமாகலாம். பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். மூக்குக்கண்ணாடியை அணிவிப்பது, பகல் வெளிச்சத்தில் உட்கார வைப்பது, பழகிய முகம் அருகே இருப்பது ஆகியவை உதவும். அந்தப் பழகிய முகம் எத்தனை இரவு விழித்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் கேட்டார்கள். ஸ்டீவன் ஜாரிட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980-இல் பராமரிப்போரின் சுமையை அளக்கும் வினாத்தாளை வெளியிட்டனர். 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கலங்க வைப்பது. நோயுற்ற துணைவரைப் பேணி, அதனால் நலிவும் அடைந்த முதியவர்களிடையே, நான்காண்டுகளில் இறக்கும் அபாயம் அச்சுமை இல்லாதோரைவிட 63 விழுக்காடு மிகுந்திருந்தது. பேணியும் நலிவடையாதோரிடம் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. ஆகவே பணிவிடையை மட்டும் குறைகூற இயலாது; அதில் நொந்துபோவதே ஆளைத் தின்கிறது.

பெற்றோர் மனம் நோக ஒரு சொல்லும் கூடாதென்று சிறுவயதிலேயே மதரஸாவில் கற்றோம். அதனாலேயே "என்னால் முடியவில்லை" என்று சொல்வதும் பாவமென்று நம் பெண்கள் அஞ்சுகின்றனர். பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பதா? பெற்றோரைப் பேணும் கடமை மகனுக்கே முதலில் உரியது. மருமகள் செய்வது அவளது நற்குணம். இந்தக் கணக்கை நம் ஆண்கள் வசதியாக மறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே ஆறுதல் மொழியைப் பங்கிட வேண்டாம், மணிநேரத்தைப் பங்கிடுங்கள். இரவு பத்து முதல் இரண்டு வரை மகன் விழிக்கட்டும், அதன்பின் மருமகள். படுத்த நிலையிலேயே இருப்பவரைச் சுமார் இரண்டு மணிக்கொருமுறை புரட்டவேண்டும். அதற்கு ஆண் கையின் வலு உகந்தது. மருத்துவர் நடக்கச் சொன்ன பின்னும் "ஓய்வெடுக்கட்டும்" என்று கிடத்தி வைப்பது சளிக்கும் படுக்கைப் புண்ணுக்கும் வழிவிடும். துணையின் வேலையும் இரட்டிக்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும் ஏற்பாடும் சேர்ந்தது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மனம் தாளாதபோது பேசுவதற்கென 2022-இல் 14416 என்ற தொலைபேசி எண் தொடங்கப்பட்டது. அழைப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

அடுத்தமுறை நலம் விசாரிக்கச் செல்லும்போது பழப்பையோடு இரண்டு மணிநேரத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பெரியம்மாவின் அருகே நீங்கள் அமர்ந்துகொண்டு, மருமகளை உள்ளறையில் படுக்கச் சொல்லிக் கதவைச் சாத்துங்கள்.