வாசல் கேட்டும் வீட்டு போனும்: இன்டர்காம் பொருத்துவது எப்படி?

சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத்துத் தாமான்களில் பகல் வேளையில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் கூலிம் ஹைடெக் பார்க்கிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வேலையில் இருப்பார்கள். தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் வாசலில் யார் வந்தாலும் உள்ளே குரல் கேட்டுவிடும். பக்கத்து வீட்டு அக்காவே வந்தவரை விசாரித்துவிடுவார். தாமான் வீட்டில் அப்படி இல்லை. கூடத்துக்கும் கேட்டுக்கும் நடுவே கிரில், பூட்டு, கார் நிற்கும் இடம் எல்லாம் இருக்கின்றன. முட்டி வலியோடு எழுந்து, சாவி தேடி, கிரிலைத் திறந்து போய்ப் பார்ப்பதற்குள் பார்சல்காரர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். யாரென்றே தெரியாமல் ரிமோட்டை அழுத்தி ஆட்டோகேட்டைத் திறந்துவிடும் பெரியவர்களும் உண்டு. அது இன்னும் ஆபத்து.

கடைக்குப் போனால் பெரிய திரை, கேமரா, கைப்பேசிச் செயலி என்றுதான் முதலில் காட்டுவார்கள். வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: மணி அடித்தால் பதில் சொல்லப்போவது யார்? அந்த ஆளின் காது, கண், விரல் ஆகியவற்றுக்கு எது ஒத்துவருமோ அதுதான் அந்த வீட்டுக்கு ஏற்றது. எழுபது வயதில் கைப்பேசியைத் தேடி, பூட்டை விலக்கி, செயலியைத் திறந்து, பச்சை வட்டத்தைத் தொடு என்றால் நடக்காது. ஆனால் போனை எடுத்து "யாருப்பா?" என்று கேட்பது ஆயுள் முழுக்கச் செய்து பழகியது. அதனால்தான், பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு வயர் போட்ட போன்வகை இன்டர்காமே சிறந்தது என்பது என் கருத்து. கேமராவும் செயலியும் வேண்டுமானால் அதற்கு மேல் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வகையானாலும் வேலை மூன்றுதான்: மணி அடிக்க வேண்டும், பேச வேண்டும், கேட்டைத் திறக்க வேண்டும். எளிமையான வகையில் தூணில் ஒரு பட்டன் பெட்டியும் உள்ளே சுவரில் ஒரு கைப்பிடி போனும் இருக்கும். இரண்டு கம்பி போதும், ப்ரோகிராம் எதுவும் இல்லை. சின்ன தெரஸ் வீட்டுக்கு இதுவே தாராளம். மாடி வீடு, இரண்டு மூன்று அறைகளில் போன், சின்ன கேட் ஒன்று, பெரிய கேட் ஒன்று என்றால் அடுத்த வகைக்குப் போக வேண்டியிருக்கும். அதில் வாசல் பெட்டி வீட்டு போன்களோடு இணைகிறது. வாசலில் பட்டனை அழுத்தினால் எல்லா அறை போன்களும் வேறொரு தாளத்தில் அடிக்கும். எடுத்துப் பேசிவிட்டு, போனிலேயே ஒரு எண்ணை அழுத்தினால் பூட்டு விடும்.

அந்த எண் எப்படிக் கேட்டைத் திறக்கிறது? போனில் ஒவ்வொரு பொத்தானும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுப்புகிறது. 5 என்றால் 770 ஹெர்ட்ஸ் ஒன்று, 1336 ஹெர்ட்ஸ் ஒன்று. கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த இணையைக் கேட்டதும் உள்ளே இருக்கும் ரிலே என்ற சிறு சுவிட்சை மூடுகிறது. பழைய போன்களின் அடியில் டோன், பல்ஸ் என்று மாற்றும் ஒரு சிறு தள்ளுபொத்தான் இருக்கும். அது பல்ஸில் இருந்தால் பேச்சு நன்றாகக் கேட்கும், கேட் மட்டும் திறக்காது. "சிஸ்டம் கெட்டுப்போச்சு" என்று ஆள் கூப்பிடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

டெலிகோம் மலேசியாவின் செம்புக் கம்பி வீட்டுக்குள் வந்த காலத்தில் இணைப்பு நேரடியாக இருந்தது. 2010இல் யூனிஃபை வந்த பிறகு நம் பக்கத்துப் பல வீடுகளில் போன் இணைப்பு ஃபைபர் கருவியின் பின்னால் இருக்கும் ஒரு துளைக்கு வந்துவிட்டது. அந்தத் துளையிலிருந்து வரும் வயர் முதலில் இன்டர்காம் பெட்டியின் 'லைன்' முனைக்கும், பெட்டியின் 'போன்' முனையிலிருந்து கிளம்பும் வயர் வீட்டு போன்களுக்கும் போக வேண்டும். அதாவது பெட்டி நடுவில் உட்கார வேண்டும். இரண்டையும் ஒரே முனையில் முறுக்கிவிட்டால் பெட்டி அனுப்பும் மணி மின்சாரம் ஃபைபர் கருவிக்குள் திரும்பிப் போகும். போன் கம்பியில் சும்மா இருக்கும்போது ஏறக்குறைய 48 வோல்ட், மணி அடிக்கும்போது 70 வோல்ட்டுக்கும் மேலே. கருவியைப் பாழாக்க அது போதும். ஈரக் கையால் தொட்டால் நமக்கும் நல்ல அதிர்ச்சி கிடைக்கும். வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பி இன்னும் சுவருக்குள் கிடந்தால், வீட்டு வயரிங்கிலிருந்து அதைக் கழற்றிவிட வேண்டும்.

வயர்தான் இந்த வேலையின் உயிர். பெட்டிக்கு ஆயிரம் வெள்ளி கொடுப்பவர்கள் வயரில் மிச்சம் பிடிப்பதைப் பார்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் போன் வயருக்கு ஒரு கிலோமீட்டரில் சுமார் 88 ஓம் தடை. வீட்டிலிருந்து கேட் 30 மீட்டர் என்றால், போகவும் வரவும் 60 மீட்டர். தடை ஐந்து ஓமுக்கு மேல். பேச்சுக்கு 20, 30 மில்லி ஆம்பியர்தான் ஓடும் என்பதால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சின்ன கேட்டில் மாட்டும் காந்தப் பூட்டு 12 வோல்ட்டில் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். அதே போன் வயரில் கொடுத்தால் இரண்டு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தீர்ந்துவிடும். பூட்டு பிடிக்கிற மாதிரி இருக்கும், ஓங்கித் தள்ளினால் திறந்துகொள்ளும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அரை வோல்ட்கூட இழப்பில்லை. எனவே பேச்சுக்கு முறுக்கிய இணை வயர் தனியாக, பூட்டுக்குத் தடித்த வயர் தனியாக. மண்ணுக்கடியில் போவதெல்லாம் பிவிசி குழாய்க்குள். குழாயில் உதிரியாக ஓர் இணை வயரையும் இழுத்துப் போட்டுவையுங்கள். பிற்காலத்தில் கேமரா வைக்கும்போது சிமெண்டை உடைக்க வேண்டியிராது.

தோட்டத்து பங்களாவுக்குப் போன்வகை பொருந்துவதற்கும் இந்தக் கணக்கே காரணம். சாலையோரக் கேட்டிலிருந்து பங்களா அரைக் கிலோமீட்டர் உள்ளே இருந்தாலும் குரலும் மணியும் மெல்லிய வயரில் போய்ச் சேர்ந்துவிடும். பூட்டுக்கான மின்சாரத்தை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது. மின்வழங்கியையும் பேட்டரியையும் ரிலேயையும் ஜாகா கொட்டகையிலேயே வைத்து, 'திற' என்ற கட்டளையை மட்டும் வயரில் அனுப்ப வேண்டும்.

வயரே இழுக்க முடியாத இடத்தில் சிம் கார்டு போடும் இன்டர்காம் உண்டு. பட்டனை அழுத்தினால் அது நம் கைப்பேசியைக் கூப்பிடும். வாங்குபவர்கள் 4ஜி குரல் அழைப்பு இருக்கிறதா என்று கேட்டே வாங்க வேண்டும். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதை நம்பிய பழைய பெட்டிகள் இன்னும் மலிவாகக் கிடைக்கின்றன. பாலிங், கோலகெட்டில் பக்கத்து உள்தோட்டங்களில் தூணடியில் நின்று கைப்பேசியில் பேசிப் பாருங்கள். அங்கே குரல் விட்டுவிட்டுக் கேட்டால் இன்டர்காமும் அப்படித்தான் கேட்கும்.

இனி ஆட்டோகேட். இதன் போர்டில் 'புஷ் பட்டன்' என்று இரண்டு முனைகள் இருக்கும். இன்டர்காம் ரிலேயின் பொது முனையையும், சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் முனையையும் அவற்றோடு இணைத்தால் போதும். ரிலே அந்த இரண்டையும் தொடவைக்க வேண்டுமே தவிர, மின்சாரம் கொடுக்கக் கூடாது. பூட்டுக்குப் போகும் 12 வோல்ட்டை அவசரத்தில் இங்கே கொடுத்துவிட்டால் போர்டு போய்விடும். காந்தப் பூட்டாக இருந்தால் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடை எதிர்த்திசையில் மாட்டுங்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் நொடியில் காந்தச் சுருள் எழுப்பும் அதிர்வை அது தாங்கிக்கொள்ளும். சில காசுதான் விலை. அது இல்லாவிட்டால் ரிலேயின் முனைகள் நாளடைவில் கருகி ஒட்டிக்கொள்ளும்.

பெரிய கேட்டையும் சின்ன கேட்டையும் ஒரே எண்ணில் வைக்காதீர்கள். பார்சல் வாங்கப் பெரிய கேட் திறக்க வேண்டியதில்லை. பெரிய கேட்டுக்கு அகச்சிவப்புக் கண் பொருத்தாமல் இன்டர்காமை இணைப்பதை நான் ஏற்கமாட்டேன். உள்ளே போன் பேசுபவருக்குக் கேட்டடியில் பேரப்பிள்ளை நிற்பது தெரியாது.

ப்ரோகிராம் செய்வது என்றதும் பலர் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பெட்டி சில கேள்விகளைக் கேட்கிறது, நாம் எண்களால் பதில் சொல்கிறோம். ஒரு போனிலிருந்து கடவுச்சொல்லை அடித்து உள்ளே போக வேண்டும். சிறு அலுவலகங்களிலும் பெரிய வீடுகளிலும் பார்க்கக்கூடிய பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 போன்ற பெட்டியில், மூன்று வெளிலைன், எட்டு உள்போன் என்ற அடிப்படை அமைப்போடு வாசல் போனுக்கென்று தனி அட்டை ஒன்றைச் செருக வேண்டும். அதன் தொழிற்சாலைக் கடவுச்சொல் 1234. இது ஊருக்கே தெரிந்த எண் என்பதால் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, வாசல் மணிக்கு எந்தெந்த போன் அடிக்க வேண்டும் என்பது. பகலில் கூடமும் சமையலறையும், இரவில் படுக்கையறை மட்டும் என்று பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். எத்தனை நொடி அடித்தபின் நிற்க வேண்டும் என்பதில் பெரியவர்கள் எழுந்து வரும் நேரத்தைக் கணக்கில் வைத்து 40 நொடியாவது கொடுங்கள். பூட்டு எத்தனை நொடி விட்டிருக்க வேண்டும் என்ற கேள்விக்குச் சின்ன கேட் என்றால் ஐந்து முதல் ஏழு நொடி. ஆட்டோகேட் என்றால் ஒரு நொடிதான். தொட்டு விட்டால் போதும், மீதியை அதன் போர்டு பார்த்துக்கொள்ளும். அங்கே ஏழு நொடி வைத்தால் சில போர்டுகள் திறந்து, நின்று, மூடிக் குழப்பும். பேச்சு நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். போனைச் சரியாக வைக்க மறந்தாலும் லைன் விடுபட்டுவிடும்.

வெளி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது வாசல் மணி வந்தால் காதில் ஒரு பீப் கேட்கும். 'ஃப்ளாஷ்' பொத்தானை அழுத்தினால் வாசலுக்கு மாறும். மாறாமல் லைன் அறுந்துபோனால் போனின் ஃப்ளாஷ் நேரமும் பெட்டி எதிர்பார்ப்பதும் வேறாக இருக்கிறது என்று பொருள். சில போன்கள் 100 மில்லிநொடி, சில 600 மில்லிநொடி. இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

வாசல் பெட்டியில் எண்பலகை இருந்தால் வீட்டு எண்ணையோ பிறந்த ஆண்டையோ இரகசிய எண்ணாக வைக்க வேண்டாம். அதே நான்கு பொத்தான்கள் நாள்பட நாள்படத் தேய்ந்து பளபளக்கும், பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். அவ்வப்போது மாற்றுங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்கு வேறு எண் கொடுங்கள்.

மின்தடை வந்தால் என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே கேட்க வேண்டும். காந்தப் பூட்டு மின்சாரம் போனால் தானாகத் திறந்துகொள்ளும். மின்நாக்குப் பூட்டில் பெரும்பாலானவை பூட்டியே இருக்கும். முன்னதற்குத் திருடன் பயம், பின்னதற்குத் தீ பயம். எதைத் தேர்ந்தாலும் உள்ளேயிருந்து மின்சாரமே இல்லாமல் கையால் திறக்க ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். ஆட்டோகேட்டின் விடுவிப்புச் சாவி எங்கே என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று அரை ஆம்பியர் பூட்டைக் கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கும். உண்மையில் அதைவிடக் குறையும், அதுவும் வெயிலில் கொதிக்கும் பெட்டிக்குள் இரண்டு மூன்று ஆண்டில் தளர்ந்துவிடும். ஃபைபர் கருவிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால் தடையின்போது வீட்டு போனும் ஊமையாகிவிடும். கைப்பேசியைப் பக்கத்தில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இடியையும் பல்லியையும் சொல்லாமல் கெடாவில் இந்தப் பேச்சு முடியாது. உலகிலேயே மின்னல் அதிகம் வெட்டும் பகுதிகளில் மலேசியாவும் ஒன்று. நீளமான வயர் ஒவ்வொன்றும் மின்னலின் அதிர்வை வீட்டுக்குள் அழைத்து வரும். கேட் பக்கம் ஒன்று, வீட்டுப் பக்கம் ஒன்று என்று அதிர்வுத் தடுப்பான் வைத்து, நல்ல எர்த்தோடு இணைக்க வேண்டும். எர்த் இல்லாத தடுப்பான் வீண். பல்லி, எறும்பு ஆகியவை கட்டுப்பாட்டுப் பெட்டியின் வெதுவெதுப்பைத் தேடி வந்து போர்டின் மேல் கருகிக் கிடக்கும். ஆட்டோகேட் பழுதுக்கு வருபவர்கள் மூடியைத் திறந்ததும் முதலில் தேடுவது அதைத்தான். வயர் நுழையும் துளையைப் பெட்டியின் அடிப்பக்கம் வைத்து, சிலிக்கோனால் அடைத்துவிடுங்கள். மேலே துளைபோட்டால் மழைத்தண்ணீரும் வரும்.

12 வோல்ட் வேலையைக் கைப்பழக்கம் உள்ளவர் தாமே செய்யலாம். ஆட்டோகேட்டுக்கு 230 வோல்ட் இழுக்கும் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேன்தான் செய்ய வேண்டும். வாங்கும் கருவியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

தாமான் நுழைவாயிலில் எல்லோருக்கும் பொதுவாகத் தடுப்புக் கட்டையும் இன்டர்காமும் வைக்க நினைக்கும் குடியிருப்பாளர் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சாலை பொதுச்சாலை. ஊராட்சியின் அனுமதி இல்லாமல் கட்டை போட முடியாது. கோத்தா டாமன்சாராவின் டிவில்லா இக்வெஸ்ட்ரியன் வழக்கில், சந்தா கட்டாதவர் கட்டையைத் தாமே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருப்பது தொல்லையாகாது என்று 2015இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் திட்டத்துக்கு ஊராட்சியின் அனுமதி இருந்தது, அவருடைய வழி அடைக்கப்படவும் இல்லை. சுங்கை பட்டாணியில் என்றால் முதலில் நகராண்மைக் கழகத்துக்குப் போங்கள்.

பொருத்தியவருக்குக் கடைசித் தொகையைக் கொடுக்குமுன், அவர் முன்னாலேயே மெயின் ஸ்விட்சை அணைத்துச் சின்ன கேட்டைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அறை போனிலிருந்தும் ஒரு முறை, வெளி அழைப்பில் இருக்கும்போது ஒரு முறை திறந்து பாருங்கள். பெரியவரையே எடுத்துப் பேசச் சொல்லுங்கள். பிறகு கடவுச்சொல், கையேடு, விடுவிப்புச் சாவி, வயர் எந்த வழியில் போகிறது என்ற ஒரு சின்ன வரைபடம் நான்கையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட் திறக்கும் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூடத்துப் போனுக்கு மேலே ஒட்டுங்கள். வாசலில் நிற்பவர் கண்ணில் படாத பக்கமாக.