குதிரையை மெலியவைக்கும் மாட்டுக் கணக்கு

பாறசாலைப் பக்கம் பசும்புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வெளியூரிலிருந்து வரும் இளங்குதிரைக்கு விலா எலும்பு தெரிகிறது. காரணம், தீவனக் குறைவு மட்டுமல்ல.

ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாமி ஊர்வலம் புறப்படுகிறது. களியக்காவிளையில் எல்லை தாண்டி, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையில் இரவு தங்கும் அந்த ஊர்வலத்தில் வேளிமலை முருகனின் வெள்ளிக் குதிரையும் உண்டு. அதற்குப் புல்லும் வேண்டாம், கொள்ளும் வேண்டாம். உயிருள்ள குதிரையின் கதை வேறு.

ரப்பரும் வாழையும் மரவள்ளியும் நிறைந்த இந்த எல்லைக் கிராமங்களில் மாடு பழகிய பிராணி, குதிரை அபூர்வம். அந்தியூர் ஆடிச் சந்தை போன்ற இடங்களில் ஆசையாக விலை பேசி வாங்கும் இளங்குதிரைகளில் பல, வறண்ட மேற்கிந்தியாவின் மார்வாரி, கத்தியவாரி இனத்தவை. லாரியில் நெடும்பயணம், புழுக்கம், புதிய தண்ணீர், புதிய புல். வாளியில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது குதிரை. மெலிகிறதே என்று பதறும் சொந்தக்காரர் இன்னும் இரண்டு படி கொள்ளு கொட்டுகிறார். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இது புதிய தவறல்ல. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதைப் பதிவு செய்திருக்கிறார். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் கப்பலில் வரும் குதிரைகளை அரசர் ஆண்டுக்கு 2,000 என்ற அளவில் பொன் கொடுத்து வாங்கினார்; ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சவில்லை என்கிறார் அவர். குதிரைகளுக்கு இறைச்சியும் சோறும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்களாம்; குதிரை வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே இல்லையாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் வறுத்த பார்லியை வெண்ணெயுடன் கொடுப்பதையும், காய்ச்சிய பசும்பால் புகட்டுவதையும் வியப்போடு குறிப்பிடுகிறார். அன்று பொன் இருந்தது, தீவனமும் இருந்தது. குதிரையின் வயிற்றைப் பற்றிய அறிவுதான் இல்லை.

இரண்டு வயிறுகள்

மாடு அவசரமாக மேய்ந்து, பிறகு நிதானமாக அசைபோடும். குதிரைக்கு அசைபோடும் வசதி கிடையாது. அதன் இரைப்பை சிறியது. அதில் அமிலம் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறும் உமிழ்நீர்தான் அமிலத்தின் கடுமையைத் தணிக்கிறது. காலையும் மாலையும் மட்டும் தீவனம் வைத்தால் இடைப்பட்ட நேரத்தில் வெறும் வயிற்றை அமிலம் அரித்துப் புண்ணாக்கும். புண் வந்த குதிரை தானியத்தைக் கண்டால் ஒதுங்கும். சொந்தக்காரர் அதை 'அடம்' என்கிறார். உண்மையில் அது வலி.

பல்லும் ஒரு காரணம். இரண்டரை வயதிலிருந்து நாலரை வயதுவரை குதிரைக்குப் பால்பற்கள் விழுந்து புதியவை முளைக்கின்றன. மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் வாயைத் திறந்து பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். குடற்புழு மூன்றாவது காரணம். சாணத்தைப் பரிசோதித்து, டாக்டர் சொல்லும் மருந்தைச் சொல்லும் அளவில் கொடுத்தாலே பல குதிரைகள் தேறிவிடும்.

பச்சையிலும் வம்பு

மாட்டுக்காக வளர்க்கும் நேப்பியர் புல்லிலும் எருமைப்புல்லிலும் ஆக்ஸலேட் அதிகம். மாட்டின் முன்வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. குதிரையின் குடலிலோ அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. கூடவே தவிட்டையும் அள்ளிப் போட்டால் அதிலுள்ள மிதமிஞ்சிய பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் மோசமாக்கும். வளரும் குதிரை மெலியும், நொண்டும், முக எலும்பு வீங்கும். நேப்பியர் மட்டுமே தீவனம் என்ற நிலை கூடாது.

இதற்கு நல்ல மாற்று, பெயரிலேயே குதிரையைச் சுமக்கும் குதிரை மசால். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் மிகுந்தது. ஆனால் பாறசாலையின் அமிலத்தன்மை கொண்ட செம்மண்ணிலும் கனமழையிலும் அது செழிக்காது. தமிழ்நாட்டின் வறண்ட பகுதிகளிலிருந்து உலர்த்தியதாக வாங்க வேண்டும். காய்ந்த கடலைக்கொடியும் உதவும். ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்த கட்டு ஒன்றே போதும், பெரும் ஆபத்துக்கு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. சயனைடு உண்டாக்கும் மரவள்ளி இலையும் பச்சைத் தோலும் அதன் பக்கமே போகக்கூடாது. கோழித் தீவனத்தில் கலக்கும் மொனென்சின் போன்ற மருந்து கோழிக்கு நல்லது, குதிரைக்கு எமன்.

அவசரம் ஆகாது

உடல் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் உலர் தீவனம் என்பது பொதுக் கணக்கு. 200 கிலோ குதிரைக்கு 4 முதல் 5 கிலோ. பச்சைப் புல்லானால் ஏறத்தாழ 20 கிலோ. இதை நாள் முழுவதும் பிரித்து வைக்க வேண்டும். நாஞ்சில் வழக்கில் காணம் எனப்படும் கொள்ளை வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் தானியம் எல்லாம் சேர்ந்து ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்டக்கூடாது. திடீரென்று கூட்டினால் வயிற்றுவலியும் குளம்பு நோயும் வரும். பட்டினியால் வாடிய குதிரைகளை ஆராய்ந்த கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக நிபுணர்களும் குதிரை மசாலைச் சிறுசிறு அளவில் அடிக்கடி கொடுத்து, சுமார் பத்து நாட்களில் படிப்படியாகக் கூட்டுவதையே பரிந்துரைத்தார்கள். வியர்வையில் உப்பு போய்விடுவதால் நக்குவதற்கு உப்புக்கட்டியும், எப்போதும் சுத்தமான தண்ணீரும் அவசியம். கூட்டமாக வாழும் பிராணி என்பதால் துணையும் வேண்டும். பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டினாலே தீவனத்தில் மனம் வைக்கும் குதிரைகள் உண்டு.

முன்னேற்றத்தை அறிய எடைமேடை தேவையில்லை; தையல்காரரின் டேப் போதும். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை. சுற்றளவு 136, நீளம் 128 என்றால் ஏறத்தாழ 200 கிலோ. வளரும் குதிரைக்கு இது துல்லியமல்ல. ஆனால் வாரம் ஒருமுறை அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது. கைவைத்தால் தட்டுப்பட வேண்டும். அதுவே இலக்கு.

மாட்டு வைத்தியம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஆனால் குதிரை முற்றாகத் தீவனத்தை மறுத்தால், வயிற்றைத் திரும்பிப் பார்த்து உதைத்தால், அன்றே டாக்டர் வந்தாக வேண்டும். பெரிய சிகிச்சை என்றால் திருச்சூர் அருகே மண்ணுத்தியில் உள்ள கால்நடைக் கல்லூரி ஏறத்தாழ 300 கி.மீ. தூரம், 2012-இல் தொடங்கிய திருநெல்வேலிக் கல்லூரி அதில் பாதிக்கும் குறைவு. மெலிந்த குதிரைக்கு மாநில எல்லை தெரியாது. அருகில் இருக்கும் கதவைத் தட்டுவதே புத்திசாலித்தனம்.

பாண்டியருக்கு அடுத்த கப்பலில் வேறு குதிரைகள் வந்தன. சேமிப்பைக் கொட்டி ஒரே ஒரு குதிரை வாங்கும் எல்லைக் கிராமத்துக்காரருக்கு அடுத்த கப்பல் கிடையாது.