இரு பனைகளுக்கு நடுவே

கழைக்கூத்தாடியின் கயிறு விறைத்து நிற்கும். கையில் நீண்ட கழியும் இருக்கும். ‘ஸ்லாக்லைன்’ எனப்படும் நடைபட்டியோ தட்டையானது, கால் பட்டதும் நெகிழ்ந்து ஆடுவது. அமெரிக்காவின் யொசெமிற்றிப் பள்ளத்தாக்கில் மலையேறுவோர் பொழுதுபோக்காகப் பழகிய இவ்விளையாட்டுக்கு, பனை நிறைந்த நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் இடம் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால், எந்தப் பனையில் கட்டுவது?

விடையைக் கணக்குச் சொல்லும். 10 மீற்றர் இடைவெளியில் கட்டிய பட்டியின் நடுவில் 50 கிலோ எடையுள்ள ஒருத்தி நிற்க, பட்டி அரை மீற்றர் தாழ்கிறது என்போம். அப்போது ஒவ்வொரு மரத்தையும் இழுக்கும் விசை ஏறத்தாழ 250 கிலோ எடைக்குச் சமம். அவளுடைய எடையின் ஐந்து மடங்கு! மேலும் இறுக்கித் தாழ்வைப் பாதியாக்கினால் இழுவை இருமடங்காகும். ஆகவே தலை போன பனை, கேற்றுத் தூண், மதில் எதிலும் கட்டலாகாது. அவை சரிந்தால் நடப்பவள் மேலேயே விழும்.

பனையும் தென்னையும் ஒருவித்திலைத் தாவரங்கள். தண்டில் பட்ட காயத்தை மூடி வளரும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. எனவே முதலில் சாக்கை மடித்துச் சுற்றி, அதன்மேல் பட்டியைக் கட்டுங்கள்.

தொடக்கத்தில் ஐந்தாறு மீற்றர் நீளம் போதும். நடுவில் நிற்கையில் பாதத்துக்கும் நிலத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கீழே கிடக்கும் முருகைக்கற்களைப் பொறுக்கிவிடுங்கள், மணற்றரையே நன்று. ஆடையின் விளிம்பு காலில் சிக்காதிருக்க வேண்டும். தோழியின் தோளைப் பற்றி வெறுங்காலுடன் ஏறி, பார்வையை எதிர்மரத்தில் நிறுத்துங்கள். தடுமாறினால் போராடாமல் ஒருபக்கமாக இறங்கிவிடுங்கள்.

பொழுது சாயுமுன் பட்டியை அவிழ்த்துவிடுங்கள். இருட்டில் சைக்கிளில் வருபவருக்கும், நெடுந்தீவில் கட்டின்றித் திரியும் குதிரைக்கும் அது தெரியாது.