பெலே நிற்கும் தெருமுனை

கோப்பையில் கவிழ்ந்த கொம்பன்கள், கிளப்பின் பூர்வீகம், பயிற்சியாளர் பதவி: பெங்களூர் கால்பந்து ரசிகர்களின் பேச்சு இந்த மூன்றைத்தான் சுற்றி வருகிறது. ஆனால் சரித்திரம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதில்தான் தகராறு.

அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில் புத்தருக்குச் சிலை உண்டு. அம்பேத்கருக்கும் அன்னை தெரசாவுக்கும் உண்டு. இந்த மூவருக்கும் துணையாக நிற்கும் நான்காமவர் பிரேசில் ஆட்டக்காரர் பெலே. தமிழர்கள் நிறைந்த ஒரு பேட்டைக்கும் பிரேசிலுக்கும் என்ன உறவு என்று கேட்டால், பதில் ஒரே சொல்தான்: கால்பந்து. 'மினி பிரேசில்' என்றே இந்தப் பகுதிக்குச் செல்லப் பெயர்.

இங்கிருந்து சில கிலோமீட்டரில் கண்டீரவா ஸ்டேடியம். அதன் மேற்குப் பகுதி 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்' என்ற ரசிகர் படையின் கோட்டை. பெங்களூரு எஃப்.சி. ஆடும் நாளில் நீலச் சட்டையும் மேளமும் பாட்டுமாக அந்தப் பகுதியே அதிரும். கௌதமபுரத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதை 1937இல் தொடங்கும். நீலச் சட்டை இளைஞர்களைக் கேட்டால் 2013இல் தொடங்கும். இரண்டுமே உண்மை. ஆனால் ஒரு பாதிக்கு இன்னொரு பாதியைத் தெரியவில்லை.

பழைய பாதியை முதலில் பார்ப்போம். 1809இல் ஆங்கிலேயர்கள் பெங்களூரில் ராணுவக் குடியிருப்பை அமைத்தார்கள். தமிழர் வாயில் அது 'தண்டு' ஆனது. சிப்பாய்களின் பின்னாலேயே கூலியாட்களாகவும் கடைக்காரர்களாகவும் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மைதானத்தில் உதைத்த பந்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள், பிறகு தாங்களே உதைக்கத் தொடங்கினார்கள். அல்சூர், மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் என்று பேட்டைக்குப் பேட்டை அணி முளைத்தது இப்படித்தான்.

அந்த மண்ணிலிருந்து புறப்பட்ட பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி, 1937இல் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போனது. 1891இல் தொடங்கிய அந்தக் கோப்பை அதுவரை ராணுவ அணிகளின் தனிச் சொத்து. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் கல்கத்தா லீகை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வென்றுவந்த அணி அது. பெங்களூர் 1-0 என்று ஜெயித்தது. ரோவர்ஸ் கோப்பையைத் தொட்ட முதல் இந்திய சிவிலியன் அணி என்ற பெயர் அதற்குத்தான். அடுத்த ஆண்டும் கோப்பை பெங்களூருக்கே வந்தது.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக ஒரு கோல் விழுந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல். அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிய அந்த அணி, இரண்டு பெனால்டிகளை வீணாக்கி 2-1 என்று தோற்றது. அகமது கான், தன்ராஜ் என்ற இன்னும் இரண்டு பெங்களூர்க்காரர்களும் அந்த அணியில் இருந்தார்கள்.

அதன்பின் நடந்தது வழக்கமான கதை. ஊரில் திறமை இருந்தது. காசும் கூட்டமும் கல்கத்தாவில் இருந்தன. அகமது கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்காலுக்குப் போய், அந்த கிளப்பின் புகழ்பெற்ற 'பஞ்ச பாண்டவர்' முன்வரிசையில் இருவரானார்கள். ராமன் மோகன் பகான் போனார். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் மோகன் பகான் ஆட்டக்காரர்தான். ஊரோடு தங்கியவர்களுக்கு ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் வேலையும் கொடுத்தன, ஆட்டமும் கொடுத்தன. எச்.ஏ.எல். அணி ஐ-லீக் வரை ஏறி, 2012இல் இறங்கியது.

அதற்கடுத்த ஆண்டு, 2013 ஜூலையில் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. இங்கிலாந்துக்காரர் ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியாளர். பச்சைப் பிள்ளையாக வந்த கிளப், முதல் ஆண்டிலேயே ஐ-லீகை வென்று ஜாம்பவான்களை வாய் பிளக்க வைத்தது. கூடவே ரசிகர்களுக்குக் கண்ணீரும் பழகியது. 2015 மே 31 அன்று கண்டீரவாவில் மோகன் பகானை வென்றால் மறுபடியும் பட்டம். 87ஆவது நிமிடம் வரை 1-0 என்று முன்னிலை. அப்போது விழுந்தது பகானின் பதில் கோல். பட்டம் கல்கத்தாவுக்கு ரயிலேறியது.

எந்த ஆட்டம் பெரிது என்ற வாதத்தில் பலரும் சொல்வது 2016 அக்டோபர் 19ஐத்தான். ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில், நடப்பு சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியை பெங்களூரு 3-1 என்று கவிழ்த்தது. அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் இதுதான். தோஹாவில் இராக் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றது வேறு கதை.

தமிழ் ரசிகர்களுக்கு மட்டும் 2018 மார்ச் 17 தனி அவஸ்தை. ஐ.எஸ்.எல். இறுதி, சொந்த மைதானம், எதிரே சென்னையின் எஃப்.சி. பிறந்த ஊருக்குக் கை தட்டுவதா, பேசும் மொழிக்குக் கை தட்டுவதா? சென்னை 3-2 என்று ஜெயித்துச் சங்கடத்தைத் தீர்த்தது.

பயிற்சியாளர்களைப் பற்றிய பேச்சுக்கு இங்கே பஞ்சமே இல்லை. வெஸ்ட்வுட்டுக்குப் பின் ஸ்பெயினின் ஆல்பெர்ட் ரோகா. பிறகு அவருடைய உதவியாளர் கார்லெஸ் குவாத்ராத், 2019இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கித் தந்தவர். 2021 ஜனவரியில் தொடர் தோல்விகளுக்குப் பின் அவரும் வெளியேறினார். 2024 ஜனவரியில் அதே குவாத்ராத் ஈஸ்ட் பெங்காலுக்கு சூப்பர் கோப்பை வென்று தந்தபோது, பழைய ரசிகர்களுக்கு அகமது கான் நினைவு வந்திருந்தால் ஆச்சரியமில்லை. அன்று ஆட்டக்காரர் போனார், இன்று பயிற்சியாளர். ஊர் மட்டும் அதே கல்கத்தா.

இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று உரசிச் சென்ற தருணம் ஒன்று உண்டு. 2023 மார்ச் 3, வெள்ளி இரவு. கண்டீரவாவில் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான நாக்-அவுட். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி, எதிரணி தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே ஃப்ரீ கிக்கை வலைக்குள் தட்டிவிட்டார். கோல்தான் என்றார் நடுவர். கேரளப் பயிற்சியாளர் இவான் வுகொமானோவிச் அணியையே அழைத்துக்கொண்டு வெளியேறினார். வெற்றி பெங்களூருக்கு, பிறகு கேரள கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை. சேத்ரி செய்தது சாமர்த்தியமா, குறுக்குவழியா என்று நாடே பட்டிமன்றம் நடத்தியது.

மறுநாள், மார்ச் 4. ரியாத்தில் சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டம். மேகாலயாவை 3-2 என்று வென்றது கர்நாடகம். மைசூர் என்ற பெயரில் நான்கு முறை வென்ற மாநிலம், கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1968-69இல். 54 ஆண்டுக் காத்திருப்பு அன்று தீர்ந்தது. கர்நாடகம் என்ற பெயரில் அதுதான் முதல் கோப்பை. ஆனால் நாட்டின் காதெல்லாம் முந்தைய இரவின் ஃப்ரீ கிக் மீதே இருந்தது.

இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. தொலைக்காட்சியும் விளக்கொளியும் எங்கேயோ, பேச்சும் அங்கேதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. 2022 துராந்த் இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக பெங்களூரு எஃப்.சி.யின் முதல் கோலை அடித்த சிவசக்தி, சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து வந்த பையன். அங்கிருந்து கண்டீரவாவுக்கு ஒரு வழி இருக்கிறது என்றால், கௌதமபுரத்திலிருந்து அது இன்னும் பக்கம்.

அந்த வழி திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்தப் பயிற்சியாளர் வந்தாலும் போனாலும், எந்தக் கொம்பன் எந்தக் கோப்பையில் கவிழ்ந்தாலும், பெலே சிலையைத் தாண்டிப் பந்தோடு ஓடும் பையனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். இந்த முறை கல்கத்தாவுக்கு ரயிலேறாமலே பெரிய ஆட்டக்காரனாக முடியுமா?